ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம்

கண்டியில் பெரிய மனிதர்கள் பொதுக் காரியம் என்று ஒன்றுகூடினால், யாரோ ஒருவர் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். 1815 மார்ச் 2ஆம் திகதி அரண்மனையின் மகுல் மடுவையில் அப்படித்தான் கூடினார்கள். ஒரு பக்கம் தேசாதிபதி பிரவுன்றிக். மறுபக்கம் எஹலேபொல, மொல்லிகொட முதலான நிலமேமார். நிலமேமாருக்குள் ஒருவருக்கொருவர் ஆகாது. ஆனால் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒழிய வேண்டும் என்பதில் மட்டும் ஏகமனது. ராசாவை அதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன்பே பிடித்துக் கட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது கடதாசி வேலை. நாட்டை இங்கிலாந்து ராசாவுக்கு எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய நம் நாயக்க ராசா, வேலூர்க் கோட்டைக்குக் கப்பலேறினார்.

அந்தக் கூட்டு மூன்று வருஷம்கூட முழுசாகத் தாங்கவில்லை. 1817இல் ஊவாவில் கலகம் வெடித்தது. அதை அடக்கி வா என்று வெள்ளைக்காரர் அனுப்பிய கெப்பெட்டிபொல, போன இடத்தில் கட்சி மாறிக் கலகத்துக்கே தலைவராகிவிட்டார். அடுத்த வருஷம் கண்டிப் போகம்பரையில் அவர் தலை போயிற்று. மொல்லிகொட வெள்ளைக்காரரோடு ஒட்டிக்கொண்டார். எஹலேபொல எந்தப் பக்கம் என்று வெள்ளைக்காரருக்கே பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று மொரிஷியசுக்கு அனுப்பிவிட்டார்கள். ராசாவைக் கப்பலேற்றியவருக்கும் கடைசியில் கப்பல்தான்.

இந்த ஊரில் அதற்குப் பிறகு எத்தனையோ சபை, சங்கம், சம்மேளனம், காங்கிரஸ், சமாஜம், முன்னணி, கூட்டணி. பெரும்பாலானவற்றின் சாதகம் இதே கட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் விலக்கு. அது துரைமாருடையது.

1854 பெப்ரவரி 17. கோப்பி நன்றாக விலைபோன காலம். கம்பளைப் பக்கமும் ஹேவாஹெட்டைப் பக்கமும் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட வெள்ளைக்காரர்கள் கண்டியில் கூடிப் பிளாண்டர்ஸ் அசோசியேஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது மூன்று: ரோட்டு வேண்டும், ரயில் வேண்டும், ஆள் வேண்டும். ரோட்டு வந்தது. 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்தது. ஆள் மட்டும் நடந்து வந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியில் மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடை. வந்து சேர்ந்தவர்கள் கோப்பிக் கன்றுக்குக் குழி வெட்டினார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் குழி வெட்ட ஆளில்லை.

அதே 1867இல்தான் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பிறகு கோப்பியே போய்விட்டது. சங்கம் போகவில்லை. கோப்பித் துரைமார் தேயிலைத் துரைமார் ஆனார்கள், அவ்வளவுதான். பெயர்ப் பலகையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

துரைமாருக்குள் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘துண்டு’ என்று ஒரு சங்கதி இருந்தது. கங்காணியும் அவர் கூட்டமும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தருவார் துரை. அந்தத் தொகையை எந்தத் துரை கட்டுகிறாரோ, கூட்டம் அவருக்கு. கடன் தொழிலாளியின் தலையில் ஏறும். ஆள் கை மாறும். பக்கத்துத் தோட்டத்து ஆட்களை இழுப்பது துரைமாருக்கு டென்னிஸ் போல ஒரு விளையாட்டு. ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று சங்கம் திரும்பத் திரும்பப் பேசியது, திட்டம் போட்டது. அதற்கெல்லாம் ஆமாம் என்றவர்களே ஊருக்குத் திரும்பி இழுத்தார்கள். 1904இல் ஆள் சேர்க்கத் திருச்சியிலேயே ஓர் அலுவலகம் திறந்தார்கள். துண்டைக் கடைசியில் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல்.

இவ்வளவு களவுக்கும் கழுத்தறுப்புக்கும் நடுவில் துரைமார் போட்டிச் சங்கம் கண்டு கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. மனத்தாங்கல் வந்த துரை ‘ஜனநாயக பிளாண்டர்ஸ் அசோசியேஷன்’ தொடங்கியதாக யாரும் எழுதி வைக்கவில்லை. விஸ்கியை வேறு வேறு மேசையில் குடித்திருப்பார்கள். சந்தாவை ஒரே இடத்தில் கட்டினார்கள்.

(போகிற போக்கில் இதையும் சொல்ல வேண்டும். 1920களில் கண்டிச் சிங்களப் பெருமக்கள், கரையோரச் சிங்களவரோடு நமக்குச் சரிவராது என்று இலங்கைத் தேசிய காங்கிரசிலிருந்து விலகித் தங்களுக்கென்று ஒரு தேசிய சபை வைத்தார்கள். அரசியல் திட்டத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது அந்தச் சபை கேட்டது சமஷ்டி ஆட்சி. கண்டிக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. பிற்காலத்தில் அதே சொல்லைத் தமிழர் சொன்னபோது நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.)

இனித் தொழிலாளியின் கதை. லயத்தில் இருப்பவர் கூடுவதற்கு ஒரே இடம் பிரட்டுக்களம். விடியற்காலை தப்பு அடித்து அங்கே கூட்டியது துரை. கணக்குப்பிள்ளை பேர் போடுவார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். இதைத் தவிர நாலு பேர் சேர்ந்து நின்றால் கங்காணிக்குச் சேதி போகும், கங்காணியிடமிருந்து துரைக்கு. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல். துரைமார் சங்கம் கண்டு முக்கால் நூற்றாண்டு ஆகியும் லயத்தில் சங்கம் என்ற பேச்சில்லை.

உள்ளே நுழைய வழி கண்டுபிடித்தவர் தஞ்சாவூர்ப் பிராமணர், கோ. நடேசய்யர். பத்திரிகைக்காரர். வணிகம் பற்றிப் புத்தகம் எழுதியவர், ஆகையால் சரக்கு எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்றதும் புடைவை வியாபாரி வேஷம் போட்டார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: அய்யர் தோளில் புடைவை மூட்டை. லயத்து வாசலில் மூட்டை அவிழ்கிறது. மேலே சுங்கடி, உள்ளே சோஷலிசம். பெண்கள் விலை கேட்டிருப்பார்கள், கேட்காமலா இருப்பார்கள். மனிதர் பேரம் பேசிக்கொண்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கங்காணி எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். எத்தனை முழம் விற்றார் என்ற கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டுவார். கூட்டங்களில் அவரே பாடுவார். சொற்பொழிவுக்கு வராதவனும் பாட்டுக்கு வருவான் என்பதை அந்தத் தம்பதி நம் தலைவர்களுக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் அய்யரும் மலைக்கு நேராக வந்துவிடவில்லை. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் உபதலைவராக இருந்தார். அங்கே மனஸ்தாபம் வந்து பிரிந்தார். 1931இல் ஹட்டனைத் தலைமையகமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிக்கு முதல் சங்கம் கிடைத்தது இன்னொரு சங்கத்தில் நடந்த சண்டையின் புண்ணியத்தில். கெட்ட சகுனம் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கையெழுத்து வைத்தால் சங்கத்தைப் பதியலாம். வெள்ளைக்காரர் எந்த எண்ணத்தில் ஏழு என்று போட்டாரோ, ஒரு லயக் காம்பராவில் அந்தக் காலத்தில் படுத்திருந்தவர் தொகையும் ஏறக்குறைய அதுதான். அந்த வருஷக் கடைசியில் லங்கா சமசமாஜக் கட்சியும் பிறந்தது. அதன் கையில் கிடைத்த முதல் நல்ல சரக்கு, ஆச்சரியமாக, ஒரு வெள்ளைக்காரன்.

பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் மடுல்கலையில் உள்ள ரெலுகஸ் தோட்டத்துக்குச் சின்னதுரை வேலை பழக வந்த இளைஞன். பழகியது என்னவோ தொழிலாளரோடு. லயத்தைப் பார்த்தான், பிள்ளைகள் படிக்கும் இடத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பெரியதுரை வேலையை விட்டு நீக்கினார். ஆள் கப்பலேறவில்லை, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தான். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பேசினார். அதே மேடையில் வெள்ளைத்தோல் சின்னதுரை ஏறி, துரைமாரைத் திட்டினான். கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். துரைமாரைத் திட்டுவதற்கு ஒரு துரையே கிடைப்பதென்றால் திருவிழாவிலும் காணாத காட்சி.

தேசாதிபதி ஸ்டப்ஸ் நாடுகடத்தும் உத்தரவு போட்டார். ஏப்ரல் 24ஆம் திகதிக் கப்பலில் கிளம்ப வேண்டும். கப்பல் போனது, பையன் போகவில்லை. தலைமறைவு. பொலிஸ் மலை மலையாகத் தேடிற்று. மே 5ஆம் திகதி காலிமுகத் திடலில் பல்லாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் மேடையில் வந்து நின்றான். அன்றைக்கே அரசாங்க சபை தேசாதிபதியின் நடவடிக்கையைக் கண்டித்து 34க்கு 7 என்று வாக்களித்திருந்தது. பிறகு பிடித்தார்கள், உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் அவனாகவே நாட்டை விட்டுப் போனான். போ என்றபோது போகவில்லை, போக வேண்டாம் என்றபோது போனான். தோட்டத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு, இங்கே அச்சிட முடியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். லூல்கந்துர இருக்கும் அதே மலைப் பகுதி. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். விசாரணைக் கமிஷனில் தொழிலாளர் பக்கம் வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அந்த வருஷ நடுவில் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு மேசைக்கு வந்து ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டது. எண்பத்தாறு வருஷம் தாங்கள் அனுபவித்த உரிமை லயத்துக்காரனுக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ளத் துரைமாருக்கு ஓர் உயிர் தேவைப்பட்டது.

முந்திய வருஷம் நேரு கொழும்புக்கு வந்திருந்தார். அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை அனுப்பும் விவகாரத்தைப் பேச வந்தவருக்கு முதலில் எதிர்ப்பட்டது இந்தியர் சங்கங்களின் விவகாரம். வரவேற்க ஒன்றுக்கு மேல் சங்கம், மாலைக்கு மேல் மாலை. எல்லாவற்றையும் ஒன்றாக்கி 1939 ஜூலை 25ஆம் திகதி இலங்கை இந்தியன் காங்கிரசை உண்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் முதல் மாநாடு கம்பளையில். கம்பளைக் கிளையின் தலைவராக வந்த இளைஞர் சௌமியமூர்த்தி தொண்டமான். அப்பா கருப்பையா, கங்காணியாக வந்து றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். ஆக, தோட்டத் தொழிலாளரின் தலைவர் ஒரு தோட்ட முதலாளி. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; வேட்டி வெளுப்பாக இருப்பவர் சொன்னால்தான் நம் சனம் கேட்கும். அவரோடு தலைமைக்கு நின்றவர் அப்துல் அஸீஸ், வடக்கத்தியர், தமிழ் தாய்மொழி அல்ல. இருவருக்கும் நடுவில் தொழிலாளி தன் குறையை எந்தப் பாஷையில் சொல்வது என்று யோசித்தபடி நின்றான்.

கதையை ஒரு நிமிஷம் போகம்பரைச் சிறைக்குக் கொண்டுபோகிறேன். யுத்தத்துக்கு எதிராகப் பேசியதற்காகச் சமசமாஜத் தலைவர்களைப் பிடித்து அங்கே அடைத்திருந்தார்கள். என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி. 1942 ஏப்ரலில், ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட நாட்களில், நாலு பேரும் சிறையை விட்டு வெளியே நடந்தார்கள். கூடவே அவர்களைக் காவல் காத்தவரும் நடந்தார். நான் படித்த அளவில், கண்டியில் பொதுக் காரியத்துக்கு இவ்வளவு நேர்த்தியாக ஒன்றுசேர்ந்த குழு வேறில்லை. காவலாளியையே கட்சியில் சேர்த்துவிட்டார்களே!

வெளியே வந்த பிறகு என்ன ஆனது? யுத்தம் முடிந்ததும் என். எம்.மும் பிலிப்பும் சமசமாஜக் கட்சி என்றார்கள். கொல்வின் போல்ஷெவிக் பக்கம் நின்றார். 1950இல் கொல்வின் கோஷ்டி என். எம்.மோடு சேர்ந்தது, அது பொறுக்காமல் பிலிப் விலகி விப்லவகாரி சமசமாஜம் என்றார். பிறகு அதுவும் போய் மக்கள் ஐக்கிய முன்னணி. 1964இல் என். எம். சிறிமாவோவின் அமைச்சரவைக்குப் போனபோது சமரக்கொடி புரட்சிச் சமசமாஜம் என்று தனியே கிளம்பினார். ஒரே வாசலால் வெளியே வந்த நாலு பேருக்கு இத்தனை வீடு. சேர்த்து வைப்பதில் போகம்பரைச் சிறைக்கு இருந்த திறமை மார்க்சுக்கு இருக்கவில்லை.

காங்கிரசுக்குத் திரும்புவோம். 1947 தேர்தலில் இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் பிடித்தது; நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டமான். மறு வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம். அதைத் தொடர்ந்து, ஏழு பேருக்கு வாக்குப் போட்டவர்களின் வாக்கையே எடுத்துவிட்டார்கள். சனம் முழுவதும் நாடற்றதாக நின்ற அந்தக் காலத்திலாவது ஒன்றாக நின்றோமா? 1950இல் காங்கிரசின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) என்று பெயர் வைத்துக்கொண்டது. 1956இல் அஸீஸ் பிரிந்து ஜனநாயக தொழிலாளர் காங்கிரஸ் என்றார். அன்றிலிருந்து மலையில் ‘ஜனநாயக’ என்ற சொல் பெயருக்கு முன்னால் வந்தால், பழைய சங்கத்தில் தலைவர் பதவி கிடைக்கவில்லை என்று வாசித்துக்கொள்ள வேண்டும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றாக நின்று கும்பிட்டால் பொழுது போய்விடும். 1965இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் காங்கிரசிலிருந்து வந்து தொழிலாளர் தேசிய சங்கம் கண்டார். யூ.என்.பி.க்கு ஒரு சங்கம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஒன்று, இடதுசாரிக்குச் செங்கொடிச் சங்கம், அந்தச் செங்கொடியிலும் மாஸ்கோச் சிவப்பு, பீக்கிங் சிவப்பு. 1989இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணி. சங்கம், சம்மேளனம், காங்கிரஸ், முன்னணி எல்லாம் தீர்ந்த பிறகு, மூன்று அமைப்பைச் சேர்த்து 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி. அந்த வருஷத் தேர்தலில் கண்டி மாவட்டத்திலிருந்தும் ஒரு தமிழர் பாராளுமன்றம் போனார் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சேர்ந்தால் கிடைக்கும் என்பது தெரியாமல் இல்லை.

லயத்தில் இதெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா? பத்துக் காம்பரா லயம். முதல் காம்பரா இ.தொ.கா.வின் சேவல், இரண்டாவது செங்கொடி, மூன்றாவதில் அப்பா ஒரு சங்கம், மகன் ஒரு சங்கம், மருமகள் அம்மா வீட்டுச் சங்கம். கலியாணம் பேசும்போது சாதி, சாதகம், அதற்குப் பிறகு எந்தச் சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தோட்டத் தலைவர், ஒரு மாதர் சங்கத் தலைவி. கூரைத் தகரம் கேட்டுப் போனால் நாலு தலைவரும் தனித்தனியே துரையைக் காண்பார்கள். துரைக்கு அது சௌகரியம். நாலு பேருக்கும் தனித்தனியே ஆகட்டும் என்பார். தகரம் வராது. வராததற்கு மற்ற மூன்று சங்கமும்தான் காரணம் என்று நாலு சங்கமும் சொல்லும்.

சம்பளப் பேச்சுக்குப் பல வருஷமாக ஒரு கூட்டு ஒப்பந்தம் இருந்தது. தொழிலாளர் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்து: இ.தொ.கா., தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. எதிர்ப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். முதலாளிமார் சம்மேளனம். நடேசய்யர் புடைவை மூட்டையோடு கொண்டுவந்த சொல்லை இப்போது எவர் வைத்திருக்கிறார் பாருங்கள். ஆயிரம் ரூபாய் கேட்டு வருஷக்கணக்காக இழுபறி. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700க்கு முடித்தார்கள். கடைசியில் 2021 மார்ச்சில் சம்பளச் சபை வர்த்தமானி மூலம் ஆயிரத்தை அறிவித்தது. அறிவித்த மறுநாள் அது தங்கள் வெற்றி என்று சொல்லாத சங்கம் இல்லை. கம்பனிகள் தாங்கள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குக்குப் போயின.

உங்கள் வீட்டில் தோட்டச் சம்பளச் சீட்டு இருந்தால் இந்த மாதம் எடுத்துப் பாருங்கள். சந்தா என்று ஒரு வரி இருக்கலாம். எந்தச் சங்கத்துக்குப் போகிறது, போன வருஷம் அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று தலைவரிடம் கேளுங்கள். ஒருவர் போய்க் கேட்காதீர்கள், ஏழு பேராகப் போங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த ஏழு பேரும் புதுச் சங்கம் பதியக் கிளம்பிவிடாமல் இருந்தால் போதும்.